ஒரு சாஃப்ட்வேர், ரெண்டு கம்ப்யூட்டர்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம கூட்டமைப்பு அலுவலகத்துக்கு ரெண்டாவது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. "பழசுல இருக்கிற டேலியையே இதுலயும் போட்டுக்கலாமே, காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான்.

பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தால் பஸ் நமக்குச் சொந்தமாகிவிடாது. ஒரு டிக்கெட்டில் ஒருத்தர்தான் போகலாம். சாஃப்ட்வேரும் அப்படித்தான். நாம் வாங்குவது பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. அதைத்தான் லைசென்ஸ் என்கிறோம். எத்தனை கம்ப்யூட்டரில் போடலாம் என்பது அதிலேயே எழுதியிருக்கும்.

நம்மிடம் இருப்பது டேலி சில்வர். அது ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். ஒரே அலுவலகத்தில் பல கம்ப்யூட்டரில் வேலை செய்ய கோல்டு வாங்க வேண்டும். சில்வரைப் புதுசுக்கு மாற்றலாம். ஆனால் பழசில் லைசென்ஸை 'சரண்டர்' செய்த பிறகுதான். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் விண்டோஸ் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்.

"ரெண்டுல போடலாம்னு சொல்றாங்களே?" என்பீர்கள். அதுவும் முழுப் பொய்யில்லை. கடையில் தனியாக வாங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007-ல், அதே ஆள் பயன்படுத்தும் லேப்டாப்பில் இன்னொரு பிரதி போட அனுமதி இருந்தது. அந்தச் சலுகை எல்லா சாஃப்ட்வேருக்கும் பொருந்தாது.

1957-ம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு என்ன சொல்கிறது? அனுமதியில்லாத பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் சிறை இல்லாமல் 50,000 வரை அபராதம் மட்டும் விதிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வாராவாரம் நாம் கட்டுகிற சேமிப்பிலிருந்துதானே!

அதனால் ஒரு யோசனை. டேலி பழைய கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். கடிதம், தீர்மானம், உறுப்பினர் பட்டியல் எல்லாம் புதுசில் 'லிப்ரே ஆபீஸ்' போட்டுச் செய்யலாம். அது இலவசம், எத்தனை கம்ப்யூட்டரிலும் போடலாம், தமிழிலும் டைப் செய்யலாம். கோல்டு தேவையா என்பதை விலை விசாரித்து, நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்.

வட்டிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கேள்வி கேட்கிறவர்கள் நாம். இதிலும் சுத்தமாக இருப்போம்.