வடிகாலும் களையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய உரை)



இரண்டு பொருள்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். காவிரி டெல்டா வயல்களில் மழைநீர் வடியாமல் தேங்குவது ஒன்று. களைக்கொல்லி மருந்துகளுக்கு வந்துள்ள, இனியும் வரக்கூடிய கட்டுப்பாடுகள் மற்றொன்று. முன்னதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார் என்றும், பின்னதை மருந்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்றும் நாம் விட்டுவிடுவது வழக்கம். வயலில் இறங்கி நின்று பார்த்தாலோ இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பது விளங்கும்.

நம் நிலம் கடலை நோக்கி மிக மெல்லச் சரிந்து செல்வது. மேற்கே பாசனத்துக்கு உதவும் ஆறு கிழக்கே வடிகாலாகவும் பணியாற்றுகிறது. மேலூரில் வடிந்த நீர் கீழூருக்குப் பாய்ச்சல் நீராகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்யும்போது கடல் ஓதமும் ஏறி நின்றால், ஆற்று நீர் முகத்துவாரத்தில் இறங்க இடமின்றிப் பின்வாங்கும். கடைமடை வயல்கள் ஏரிகளாகும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையில் சம்பாப் பயிர் மூழ்கியதையும், 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற கதிர்கள் பருவம் தப்பிய மழையில் சாய்ந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

வானத்தையும் கடலையும் நாம் மாற்ற இயலாது. ஆனால் நீர் வடியாமைக்குக் காரணம் அவை மட்டும்தானா? வடிகாலில் ஆகாயத்தாமரை மெத்தை போல் படர்ந்திருக்கிறது. இரு கரைகளிலிருந்தும் நெய்வேலிக் காட்டாமணக்கு நடுவே வந்து கைகோத்து நிற்கிறது. அருகிலுள்ள நிலக்காரர் ஆண்டுக்கு ஒரு முழம் வீதம் கரையை வெட்டி வயலோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார். இவற்றோடு ஒன்றை உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும்: சாலை போடும்போது ஊராட்சியே வைத்த குழாய்ப் பாலங்கள் பல, வடிகாலின் அடிமட்டத்துக்கு மேலே அமைந்திருக்கின்றன. குழாய்க்கு அடியில் நிற்கும் நீர் எங்கே போகும்?

இனி களைக்கு வருவோம். நெல் வயலில் நம்மை மிகவும் வருத்தும் குதிரைவாலிப் புல்லும் கோரைகளும் முளைப்பதற்கு ஈரம் போதாது. விதைக்குக் காற்றும் வேண்டும். நட்ட வயலில் இரண்டு அங்குல நீர் சீராக நின்றால் இவற்றின் விதைகளில் பெரும்பகுதி முளைப்பதில்லை. ஆராக்கீரை போன்றவை நீரிலும் தழைக்கும் என்பது உண்மையே. ஆயினும் பெரும் பகையை நீரே அடக்கிவிடுகிறது. நம் முன்னோர் மருந்தில்லாமல் நெல் விளைத்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. அந்த இரண்டு அங்குலம் வயல் முழுவதும் நிற்க வேண்டுமானால் நிலம் சமமாக இருக்க வேண்டும். மழை வந்தால் மிகுநீர் வெளியேற வழியும் வேண்டும். ஒரே தாக்கில் நான்கு அங்குல மேடு பள்ளம் இருக்குமானால், மேட்டில் புல் முளைக்கிறது, பள்ளத்தில் இளநாற்று அழுகுகிறது. அழுகிய இடம் வெறிச்சோடி, நீர் வடிந்த பின் அங்கும் களையே குடியேறுகிறது. பிறகு மருந்து ஒரு முறைக்கு இருமுறை தேவைப்படுகிறது.

அந்த மருந்தும் வடிகாலைச் சார்ந்தே வேலை செய்கிறது. பியூட்டாகுளோர், பிரிட்டிலாகுளோர் முதலியவற்றை நட்ட சில நாட்களுக்குள், களை முளைக்குமுன் இடுகிறோம். இடும்போது வயலில் மெல்லிய நீர்ப்படலம் இருக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு நீரை வடிக்கவும் கூடாது, புதுநீர் விடவும் கூடாது. நண்டு வளையும் எலி வளையுமாக வரப்பு ஒழுகினால், அல்லது மறுநாள் மழையில் வரப்பு வழிந்தால், காசு கொடுத்து வாங்கிய மருந்து வாய்க்காலில் ஓடுகிறது. கீழே ஒருவர் நாற்றங்காலுக்கு அதே நீரை வைக்கிறார். மாடுகள் அதைக் குடிக்கின்றன. பியூட்டாகுளோர் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. வானம் மூட்டமாயிருக்கும் நாளில் மருந்திடுவதைத் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்வது உங்கள் பணத்தையும் அயலார் நலத்தையும் ஒருங்கே கருதியே.

கட்டுப்பாடுகளைப் பற்றிச் சில செய்திகள். அலாக்குளோர் 2020-ஆம் ஆண்டு முடிவோடு தடை செய்யப்பட்டுவிட்டது. 2020 மே மாதத்தில் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்யக் கருதி வெளியிட்ட வரைவில், நம் வயல்களில் பழகிய பியூட்டாகுளோர், பெண்டிமெத்தலின், 2,4-டி ஆகியவையும் இருந்தன. 2023-இல் வந்த முடிவான ஆணையில் இம்மூன்றும் இல்லை. எனினும் ஒரு முறை பட்டியலில் ஏறிய பெயர் மறுமுறையும் ஏறலாம். நாம் வரப்புகளில் தாராளமாகத் தெளிக்கும் கிளைபோசேட்டுக்கு இந்நாட்டில் ஒப்புதல் இருந்தது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்குமே. 2022 அக்டோபரில், பூச்சி ஒழிப்புப் பணிக்கு உரிமம் பெற்றோர் வாயிலாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அண்டை நாடான இலங்கை 2015-இல் அதை அடியோடு தடுத்தது. 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. 2022-இல் தடையையே நீக்கியது. சட்டம் இவ்வாறு முன்னும் பின்னும் நகரும். நாற்று விட்ட பிறகு அது நகர்ந்தால், மருந்தொன்றையே நம்பியிருந்தவர் என்ன செய்வார்?

நான் மருந்தின் பகைவன் அல்லன். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று நீங்கள் கூறுவது மெய். பழையபடி இரண்டு கைக்களை எடுங்கள் என்று மேடையில் நின்று உபதேசம் செய்வது எனக்கு எளிது. கூலி கொடுப்பவர் நீங்கள். ஆகவே மருந்தின் தேவையைக் குறைக்கும் வழிகளையே சொல்கிறேன்.

கோடையில் நிலத்தைச் சமப்படுத்துவதே முதல் வேலை. லேசர் கருவி வாடகைக்குக் கிடைத்தால் நன்று. இல்லையேல் சேற்றில் பரம்படிப்பதையாவது அவசரமின்றிச் செய்யுங்கள். ஒரு மா நிலத்தில் நடுவே மேடு எங்கே என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அடுத்து, நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நீர் கிடைத்தால் நிலத்தை நனைத்து, களையை முளைக்கவிட்டு, பிறகு சேற்றில் உழுது மடக்கிவிடலாம். இந்த ஒரு செயல் பின்னாளைய களையில் கணிசமான பகுதியை முன்கூட்டியே தீர்த்துவிடும்.

செம்மை நெல் சாகுபடி முறையில் 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, பத்தாம் நாள் தொடங்கி பத்து நாளுக்கொரு முறை கோனோ களைக்கருவியை ஓட்டினால் களை சேற்றிலேயே அமுங்கி உரமாகிறது. இதைத் தொடங்கிப் பின் கைவிட்ட உழவர்களைக் கேட்டேன். கருவி கனம் என்றார் ஒருவர். அது நியாயமான குறையே, மோட்டார் பொருத்திய கருவி அதற்கு விடையாகலாம். மற்றவர்கள், முழங்கால் நீரில் உருளை ஓடவில்லை என்றார்கள். கருவிக்கு வேண்டியது மெல்லிய நீர். வடிகால் இல்லாத வயலில் அந்தக் கருவியும் பயனற்றுப் போகிறது.

கடைமடையில் பலர் இப்போது நேரடி விதைப்புச் செய்கிறார்கள். முன்கூட்டி விதைத்தால் பெருமழைக்குள் பயிர் வேரூன்றி உயர்ந்துவிடும் என்பது அதன் சிறப்பு. நெல்லும் களையும் ஒரே நாளில் முளைப்பது அதன் தொல்லை. கைவீச்சை விட்டு வரிசையில் விதையுங்கள். இடையே தக்கைப்பூண்டு விதைத்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் மடக்கிவிடுங்கள். அது களைக்கு நிழலிட்டு அடக்கும், தழைச்சத்தும் தரும். நீர் தேங்கும் பள்ளத்தாக்குகளுக்கு சி.ஆர். 1009 சப்-1 இரகம் உண்டு. ஏறத்தாழ இரு வாரம் மூழ்கினாலும் மீண்டும் துளிர்க்கும். நீண்ட வயதுள்ளதாகையால் தாளடிக்கு ஏற்றதன்று.

வரப்புக்கு மருந்தே வேண்டாம் என்பது என் கருத்து. புல்லின் வேர் செத்த வரப்பு முதல் மழையில் கரைகிறது. புல்லை அறுத்து மாட்டுக்குப் போடலாம். ஓரத்தில் உளுந்து ஊன்றலாம்.

ஊராட்சியின் பங்குக்கு வருகிறேன். அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் மார்ச் மாதத்தில், தண்ணீர் நாளான 22-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. அதற்கு முந்திய வாரம் உறுப்பினர்களும் உழவர்களும் வடிகாலின் கடைசி வரை நடந்து, எங்கெங்கே அடைப்பு, எந்தக் குழாய் உயரம், எங்கே கரை நகர்ந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். 'சி', 'டி' பிரிவு வாய்க்கால்களை வேளாண்மைப் பொறியியல் துறை தூர்வாருகிறது. உங்கள் பட்டியல் தெளிவாக இருந்தால் அவர்கள் பணி எளிதாகும். மேட்டூர் திறக்கும் வழக்கமான ஜூன் 12-க்கு முன் வேலை முடிய வேண்டும். கீழிருந்து மேலாகத் தூர்வாருங்கள். மேலே மட்டும் சுத்தம் செய்தால் உங்கள் வெள்ளம் விரைந்து சென்று கீழூரில் நிற்கும். அங்கிருந்து வழக்கு வரும். ஆதலால் நடைக்குக் கீழூர்த் தலைவரையும் அழையுங்கள். முதல் ஆண்டில் அவர் வராமலிருக்கலாம். அடுத்த ஆண்டும் அழையுங்கள்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கிறேன்.