கெமிஸ்ட்ரியை முதல்ல எடுங்க, ஹிஸ்டரி காத்திருக்கும்

கலிஃபோர்னியாவுல கம்யூனிட்டி காலேஜ்ல 2 வருஷம் படிச்சிட்டு, அப்புறம் யு.சி., அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுல சயின்ஸ் மேஜருக்கு மாற நினைக்கிறவங்களுக்குத்தான் இந்த எபிசோட்.

சான் ஹோசேல இருக்குற என் சித்தி பொண்ணு முதல் செமஸ்டர் லிஸ்ட் அனுப்பியிருந்தா. இங்கிலீஷ், ஹிஸ்டரி, சைக்காலஜி, ஒரு மேத்ஸ். "ஈஸியானதை முதல்ல முடிச்சிடறேன் அண்ணா"ன்னா. ஆனா அவ படிக்கப்போறது கெமிஸ்ட்ரி!

நாங்க கோட் எழுதும்போது எது எதை நம்பி இருக்குன்னு முதல்ல பார்ப்போம். இங்கயும் அதேதான். யு.சி. கெமிஸ்ட்ரிக்குச் சொல்ற டிரான்ஸ்ஃபர் பாதையில ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒரு வருஷம், ஆர்கானிக் ஒரு வருஷம், கால்குலஸ் அடிப்படையிலான ஃபிசிக்ஸ் ஒரு வருஷம், கூடவே மல்டிவேரியபிள் வரை கால்குலஸ். ஜெனரல் முடிக்காம ஆர்கானிக் எடுக்க முடியாது. கெமிஸ்ட்ரி மட்டுமே 4 செமஸ்டர். முதல் செமஸ்டர்ல அது இல்லைன்னா, சம்மர்ல ஈடுகட்டணும். இல்லைன்னா மூணாவது வருஷம். அவங்க வீட்ல சித்தி ஒருத்தங்க சம்பளம்தான். அந்த ஊர் வாடகையில இன்னொரு வருஷம்ங்கிறது சின்ன விஷயமில்லை.

ஹிஸ்டரிக்கு இந்தச் சங்கிலி கிடையாது. எந்த செமஸ்டர்லயும் செருகலாம்.

இன்னொண்ணு: யு.சி.க்கு விண்ணப்பிக்கிறது ரெண்டாவது வருஷத்தோட முதல் செமஸ்டர்லயே. அப்போ கையில இருக்குறது முதல் வருஷ மார்க்கும், படிச்சிருந்தா சம்மர் மார்க்கும்தான். டேவிஸ், இர்வைன் உள்பட 6 கேம்பஸ்கள்ல, நிபந்தனைகளை முடிச்சா இடம் உறுதின்னு ஒரு திட்டம் இருக்கு. பெர்க்லியும் யு.சி.எல்.ஏ.வும் அதுல இல்லை. ஒரே ஒரு கேம்பஸுக்குத்தான் கேட்கலாம், அதுவும் செப்டம்பர்லயே.

அதனால பின்னாலிருந்து திட்டம் போடுங்க. 'அசிஸ்ட்'ங்கிற அதிகாரபூர்வ தளத்துல உங்க காலேஜ், போகவேண்டிய கேம்பஸ், மேஜர் மூணையும் கொடுத்தா, எந்தப் பாடம் எதுக்கு ஈடுன்னு காட்டும். ரெண்டு மூணு கேம்பஸுக்குப் பாருங்க, ஒவ்வொண்ணும் வேற வேற கேட்கும். கடைசி செமஸ்டர்ல எது முடியணுமோ அதை முதல்ல எழுதி, அங்கிருந்து பின்னாடி வாங்க. அந்தப் பாடத்தை உங்க காலேஜ் எந்த செமஸ்டர்ல நடத்துதுன்னும் கவுன்சிலர்கிட்ட கேட்டுக்கோங்க.

தங்கச்சி லிஸ்ட்ல இப்போ சைக்காலஜி போய் கெமிஸ்ட்ரி வந்திருக்கு. உங்க லிஸ்ட்டையும் ஒருதடவை எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.