தட்டில் இல்லாத பெயர்



கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலே, பழைய இரும்புக் கடையொன்றிலே, சென்ற திங்கள் ஓர் இசைத்தட்டு வாங்கினேன். எடைபோட்டுக் கொடுத்தார் கடைக்காரர்! துருப்பிடித்த ஆணிக்கும் தொலைந்துபோன பாட்டுக்கும் ஒரே தராசு! அரக்கிலே வார்த்த தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டு. பாடியவர் பெயர் இருக்கிறது. கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்திலே இருக்கிறது. எழுதியவன் பெயர்? தேடினேன், இல்லை.

அந்த இல்லாத பெயர்களுக்காகத்தான் பத்தாண்டுகளாக இத்தட்டுகளைக் கேட்டு வருகிறேன். கல்லூரியைப் பாதியிலே விட்டவனுக்கு இவைதான் கல்லூரி! தேடலிலே என் நெஞ்சைப் பற்றிக்கொண்டவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1892இலே பிறந்து 1952இலே மறைந்தவர். பெற்றோர் இட்ட பெயர் வெள்ளைச்சாமி. நாடக மேடைக்கு எழுதினார். மேடைப்பாட்டு தட்டிலே ஏறிற்று. தட்டு ஊர் ஊராய்ச் சென்றது. 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதற்கும் பாட்டெழுதியவர் அவர்தாம். டி.பி. இராஜலட்சுமி பாடினார். அந்தப் படக்காட்சியிலே இராட்டையின் புகழும் ஒலித்தது! காளிதாசனுக்கும் இராட்டைக்கும் என்ன உறவு என்று புலவர்கள் கேட்கட்டும். நாடகம் எழுதுகிற நான் கேட்கமாட்டேன். கூட்டம் கூடியிருக்கையிலே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடவேண்டும், கதை காத்திருக்கும்! அந்தப் படச்சுருளின் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

"பாஸ்கரதாஸ் காங்கிரசு மேடைக்கு எழுதியவராயிற்றே, நமது ஏட்டிலே அவருக்கென்ன இடம்?" என்று முகம் சுளிக்கும் தோழரும் உண்டு. அவருக்கு ஒன்று சொல்வேன். வெள்ளையாட்சியைக் கொக்காக்கிப் பாஸ்கரதாஸ் புனைந்த பாட்டை மேடைதோறும் முழங்கியவர் விசுவநாததாஸ். மருத்துவர் குலத்திலே பிறந்தவர் என்பதாலே, அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. ஆட்சி அவரைச் சிறையிலே தள்ளிற்று; சாதி அவரை மேடையிலேயே தள்ளி வைத்தது! 1940 டிசம்பர் 31, சென்னையிலே, முருகன் வேடத்திலே, பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் பிரிந்தது. இவரை எந்தக் கட்சியின் கணக்கிலே எழுதுவீர்கள்?

வாங்கிய தட்டின் ஓசையைக் கைப்பேசியிலே பதிந்துகொண்டு கல்வராயன் மலை ஏறினேன். வெள்ளிமலையிலே, ஒரு காலத்திலே கூத்தாடிய முதியவர் ஒருவரிடம் கேட்கச் செய்தேன். முதலடி முடியவில்லை, மீதியை அவரே பாடிவிட்டார்! தட்டிலே இல்லாத ஓர் அடியும் சேர்த்து!

"யார் எழுதியது ஐயா?"

"எழுதினதா? எங்கப்பாரு பாடுவாரு தம்பி!"

அவரைக் குறைசொல்ல முடியுமா? மூன்று நிமிடப் பாட்டை மூன்று தலைமுறை சுமந்திருக்கிறார்கள், எந்தக் கம்பெனியும் கேட்காமலேயே!

பாஸ்கரதாசின் நாட்குறிப்புகளை அவர் பேரர் முருகபூபதி தொகுத்து நூலாக்கியிருக்கிறார். இந்தப் பாட்டு அதிலே எங்கேனும் தட்டுப்படுமா என்று இரவு தோறும் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஓரடியையும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் இரும்புக் கடையிலே இப்படி ஒரு தட்டைக் கண்டால், அது உடைபடுமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.