பொறிகளின் போரில் தலைவனும் எதிர்த்தலைவனும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்வோர் அடிவாரத்தை எட்டுமுன் சாலையோரத்தில் ஒரு நுழைவாயில் வளைவைக் காண்பர். மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்வளைவுக்குப் பின்னே இன்று படப்பிடிப்புத் தளம் ஏதுமில்லை. திருச்செங்கோட்டுச் சுந்தரம் 1930களின் நடுவில் தோற்றுவித்த அந்நிறுவனம் 1937இல் ‘சதி அகல்யா’வில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. சேர்வராயன் மலையின் நிழலில் நல்லோரும் தீயோரும் பல்லாண்டுகள் வாளெடுத்து மோதினர். நல்லோன் வென்றான், கொட்டகை கைதட்டி மகிழ்ந்தது.

அக்கொட்டகைகளில் கைதட்டியோரின் பேரக்குழந்தைகள் இன்று இயந்திர மனிதர்கள் பொருதும் கார்ட்டூன் தொடர்களைக் கண்கொட்டாமல் பார்க்கின்றனர். வாள் போய்க் கதிர்வீச்சுத் துப்பாக்கி வந்துவிட்டது. ஆயினும் பாட்டன் தரை டிக்கெட்டில் அமர்ந்து கேட்ட கேள்வியைத்தான் பேரனும் கேட்கிறான்: “இவன் நல்லவனா, கெட்டவனா?” இவ்வுரை அக்கேள்வியையே பொருளாகக் கொள்கிறது. தீயோனைத் திரைத்துறையினர் வில்லன் என்பர். அதனைத் தமிழ்ச் சொல்லாகவே கொண்டு பிரித்தால் வில்லை உடையவன் என்று பொருள்படும்; அவ்வாறாயின் அது இராமனுக்கே முதலில் பொருந்தும்! பெயரைக் கொண்டு நல்லோனையும் தீயோனையும் பிரிப்பது எளிதன்று என்பதற்கு இவ்வேடிக்கையே போதும்.

உருமாறும் உலோகம்

இத்தகைய தொடர்களுள் உலகெங்கும் அறியப்பட்டது ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1984ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அது தொடங்கிற்று. ஜப்பானிய நிறுவனமான டகாரா செய்த உருமாறும் பொம்மைகளை அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ விற்க முனைந்தது; பொம்மைகளுக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. சைபர்ட்ரான் என்னும் கோளில் ஆட்டோபாட், டிசெப்டிகான் என இரு கூட்டத்தார் ஊழிக்கணக்கில் போர் புரிந்து, அப்போரை மண்ணுலகுக்கும் கொண்டுவருகின்றனர் என்பதே அக்கதை. ஒரே கோள், ஒரே உலோகம், ஒரே உருமாறும் ஆற்றல். மார்பிலோ சிறகிலோ பொறித்த சின்னமே இருசாராரையும் பிரித்துக் காட்டுகிறது.

ஆயினும் கதை புனைந்தோர் ஒரு நுட்பத்தை வைத்துள்ளனர். நல்லோர் தலைவனாகிய ஆப்டிமஸ் பிரைம் உருமாறினால் சுமை இழுக்கும் லாரியாகிறான். தீயோர் தலைவனாகிய மெகாட்ரான் அத்தொடரில் கைத்துப்பாக்கியாகிறான். லாரி பிறர் பாரத்தைச் சுமப்பது. துப்பாக்கியோ வேறொருவன் கையில் அமர்ந்தாலன்றிப் பயன்படாதது. அனைவரையும் அடக்கியாள விரும்பும் ஒருவன் தன் பேராற்றலைக் காட்ட வேண்டிய வேளையில் பிறன் கைப்பொருளாகிவிடுகிறான். அக்கையும் சிலபொழுது, அவனை வீழ்த்தி அவன் இருக்கையில் அமரக் காத்திருக்கும் தளபதி ஸ்டார்ஸ்கிரீமின் கையாக இருக்கிறது. ஆதிக்கத்தின் இயல்பைக் குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான உருவகம் அரிது.

அத்தொடரின் முதற் பருவத்தில் ஸ்கைபயர் என்றொருவன் வருகிறான். போருக்கு முன் ஸ்டார்ஸ்கிரீமும் அவனும் ஒன்றாகக் கோள்களை ஆராய்ந்த அறிவியல் நண்பர்கள். பனிக்குள் நெடுங்காலம் உறைந்து கிடந்து மீண்டவன், பழைய நட்பின் பொருட்டுத் தீயோர் கூட்டத்தில் சேர்கிறான். சிறைப்பட்ட மனிதரைக் கொல்லுமாறு நண்பன் ஆணையிடும்போது மறுக்கிறான், நண்பனாலேயே சுடப்படுகிறான், பின்னர் எதிரணிக்கு வந்து சேர்கிறான். சின்னம் மாறியது அதன் பிறகே. அவன் நல்லவனானதோ, மறுத்த அந்த நொடியில்.

தலைவனின் இறப்பும் ஈண்டு நோக்கத்தக்கது. 1986இல் வெளிவந்த திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைம் கொல்லப்பட்டான். அறத்தின் பொருட்டு நேர்ந்த சாவு எனக் கதை கூறிற்று. பழைய பொம்மைகளை விலக்கிப் புதியவற்றை விற்க வேண்டும் என்னும் வணிகக் கணக்கே உண்மைக் காரணம். திரையரங்குகளில் குழந்தைகள் தேம்பியழுதனர். வணிகர் எதிர்பாராதது அவ்வழுகை. 1987இல் தொலைக்காட்சித் தொடரில் தலைவன் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டான். விற்பனைப் பொருளைக் குழந்தைகள் உயிரென்று நம்பினர். அந்த நம்பிக்கை வணிகரையும் பணியவைத்தது.

பொறி என்னும் ஒரு சொல்

இக்கதையில் தமிழுக்குப் புதியது மிகுதியாக இல்லை. தமிழில் பொறி என்னும் சொல் இயந்திரத்தைக் குறிக்கும். சிக்கவைக்கும் கண்ணியையும் குறிக்கும். சோழர் புலிப்பொறி போன்ற இலச்சினையையும், கண் முதலிய ஐம்பொறிகளையும், நெருப்பின் சிறு துகளையும் அதுவே குறிக்கும். இயந்திர உடல், உருமாறி ஏமாற்றும் கண்ணி, மார்பில் தாங்கும் சின்னம், பிறர் துயரை உணரும் புலன் ஆகிய நான்கும் அத்தொடரில் உள்ளன. 1996இல் தொடங்கிய அடுத்த தொடர் அவ்வியந்திரங்களின் உயிர்நிலைக்கு இட்ட ஆங்கிலப் பெயரும் தீப்பொறி என்றே பொருள்படுவது. அக்கதையின் ஐந்து கூறுகளையும் தமிழ் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது.

சொல் மட்டுமன்று, பொருளும் இங்கு உண்டு. பெருங்கதையின் தலைவன் உதயணன் யாழிசையால் யானையை வயப்படுத்துபவன். அவனைப் பிடிக்க விரும்பிய பிரச்சோதனன், வீரரை உள்ளடக்கிய பொறியானை ஒன்றைச் செய்து காட்டில் நிறுத்துகிறான். இசைக்குப் பணிவது உயிருள்ள யானையின் இயல்பு; பொறியானைக்குச் செவி ஏது? உதயணன் சிறைப்பட்டான். ஆனால் அவனைச் சிறைப்படுத்தியவனின் மகள் வாசவதத்தையே அவன் கைப்பிடித்த தலைவியானாள். நேற்றைய பகைவன் மாமனாகிறான். சீவக சிந்தாமணியில் மற்றொரு பொறி. அமைச்சன் கட்டியங்காரன் அரசைக் கவர்ந்தபோது, மன்னன் சச்சந்தன் கருவுற்ற தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பித் தான் போரில் மாள்கிறான். அப்பொறி சென்று இறங்கிய சுடுகாட்டில் சீவகன் பிறக்கிறான். யானைப்பொறி பிடித்தது, மயிற்பொறி காத்தது. பொறிக்கு அறமும் மறமும் இல்லை, அதனை ஏவும் நெஞ்சுக்கே உண்டு என்பதைக் காப்பியப் புலவர்கள் அறிந்திருந்தனர்.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி செல்கிறது. அடைக்கலக் காதை மதுரை மதிலின் போர்ப்பொறிகளை வரிசைப்படுத்துகிறது. தானே வளைந்து எய்யும் வில், பாய்ந்து கடிக்கும் குரங்கு வடிவப் பொறி, கல் உமிழும் கவண், பகைவர் கண்ணைக் கொத்தும் மீன்கொத்தி வடிவப் பொறி, மதிலேறுவோரைக் கிழிக்கும் பன்றி வடிவப் பொறி என அவ்வரிசை நீள்கிறது. விலங்காகவும் பறவையாகவும் வடிவு கொண்ட போர் இயந்திரங்கள்! இளங்கோவடிகள் இவற்றை எவ்விடத்தில் வைத்தார் என்பதே எண்ணத்தக்கது. மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு தன் மனைக்குச் செல்லும் வழியில் இவை இருக்கின்றன. அவ்வளவு காவலும் வெளிப்பகைக்கு எதிரானது. தவறு உள்ளே, அரண்மனையில் நிகழ்ந்தது. பின்னர் ஒற்றைச் சிலம்புடன் சென்ற ஒரு பெண்ணை அப்பொறிகளுள் ஒன்றும் தடுக்கவில்லை, நகரம் எரிந்தது.

அடிவாரத்து அரங்கில்

இனி மீண்டும் அடிவாரத்துக்கு வரலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் எடுத்த ‘உத்தமபுத்திரன்’ தமிழ்த் திரையில் இரட்டை வேடத்துக்கு வழிகோலிய படம். இரும்பு முகமூடி மனிதனைப் பற்றிய டூமாவின் பிரெஞ்சுக் கதையே அதன் மூலம். நல்ல தம்பியும் கொடிய அண்ணனுமாகப் பி.யு. சின்னப்பா ஒருவரே நடித்தார். ஒரே முகம், ஒரே குரல், ஒரே குருதி. இருவரையும் பிரித்துக்காட்ட இரும்பு முகமூடி ஒன்று தேவைப்பட்டது. அதனைப் பூட்டுபவன் தீயோன், சுமப்பவன் நல்லோன். சைபர்ட்ரான் கோளின் கதைக்கு 44 ஆண்டுகள் முன்பே, உலோகம் குணத்தைக் காட்டாது என்பதை இம்மலையடியில் எடுத்த படம் காட்டிவிட்டது.

அதனினும் ஆழமானது, எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்க, மு. கருணாநிதி கதை உரையாடல் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950). எம்.ஜி. இராமச்சந்திரன் ஏற்ற தளபதி வீரமோகனே அதன் கதைத்தலைவன். ஆயினும் கண்டோர் நெஞ்சில் அகலாது நின்றவன் எஸ்.ஏ. நடராஜன் ஏற்ற பார்த்திபன். பகலில் இராசகுருவின் மகன், இரவில் கொள்ளைத் தலைவன். உருமாற அவனுக்கு எந்திரம் வேண்டியதில்லை. அவன் படைக்கலம் மொழி. கொள்ளையை ஒரு கலை என்று வாதிடும் அளவுக்கு நாவன்மை உடையவன். படத்தில் மிகவும் இனிமையானதென்று இன்றும் பலர் சொல்லும் இணைப்பாடல், ஜி. இராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது, கணவன் மனைவியைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் வேளையில் ஒலிக்கிறது. கொலைக்கான அழைப்பே தேனாக இனிக்கிறது.

அவனை வீழ்த்துவது தளபதியின் வாளன்று. இறக்குமுன் கணவனை வலம்வர விரும்புவதாகக் கேட்டு, வலம்வரும்போது மலையிலிருந்து தள்ளிவிடுகிறாள் மனைவி அமுதவல்லி. பின்பு அவைக்குச் சென்று உண்மையைச் சொல்லி, இராசகுருவின் கையால் உயிர்துறக்கிறாள். இக்கதையின் வேர் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி. நாதகுத்தனார் இயற்றிய அப்பௌத்த காப்பியத்தில் இன்று கிடைப்பவை 19 செய்யுள்களே. நூல் அழிந்தும் மலையுச்சிக் காட்சி மட்டும் அழியாமல் கதைமரபில் வாழ்ந்து, சேர்வராயன் மலையடியில் திரைக்கு வந்து சேர்ந்தது.

மூன்று கள்வர்

இங்கு மூவரை அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். மூவரையும் சோதிப்பது கள்வன் என்னும் ஒரே சொல்.

குண்டலகேசியின் கணவன் காளன் உண்மையிலேயே கள்வன். கொலைக்களம் சென்றவனைக் காதலித்து மீட்டு மணந்தவள், ஊடலின்போது விளையாட்டாக அவனைக் கள்வன் என்றாள். உண்மையைச் சொன்ன வாயை அடைக்க, அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்றான். பார்த்திபனும் கள்வன். அச்சொல்லுக்கு அவன் சினக்கவில்லை. அதற்குக் கலை என்னும் வேறு பெயர் சூட்டிக்கொண்டான். மூன்றாமவன் பாண்டியன். கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்த மணியைக் கண்ட அளவில், தானே கள்வன் என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டு அரியணையிலேயே உயிர்விட்டான்.

குற்றத்தை மட்டும் எடைபோட்டால் பாண்டியன் மற்ற இருவருக்கும் இளைத்தவனல்லன், குற்றமற்றவனைக் கொல்வித்தவன். இருந்தும் தமிழ் அவனைத் தீயோர் வரிசையில் வைக்கவில்லை. இலச்சினைப் பொறி அவனைக் காக்கவில்லை, மதிற்பொறியும் காக்கவில்லை. கண்ணும் செவியும் ஆகிய பொறிகள் அவ்வேளையில் அவனுக்கு விழித்திருந்தன. காளனுக்குச் செவி பொறுக்கவில்லை. பார்த்திபன் தன் செவியைத் தன் சொல்லாலேயே அடைத்துக்கொண்டான். சிறைப்பட்டோரைக் கண்டு ஆணையை மறுத்த ஸ்கைபயரும், சிலம்பைக் கண்டு தன்னையே மறுத்த பாண்டியனும் ஓரினத்தவர். தலைவனுக்கும் எதிர்த்தலைவனுக்கும் உள்ள எல்லை அவர்கள் தாங்கும் சின்னத்தில் இல்லை. தன் தவற்றைச் சொல்லும் குரல் செவியில் விழுகிறதா என்பதில் இருக்கிறது.

கவிஞர்க்கு

இம்மூவருள் கவிஞர் அனைவரும் அஞ்ச வேண்டியவன் பார்த்திபன். அவன் வாள்வீரன் மட்டுமல்லன், சொல்வல்லான். மெகாட்ரானிடம் துப்பாக்கி இருக்கிறது. பார்த்திபனிடம் கவிஞரிடம் உள்ள அதே கருவி இருக்கிறது. கொடுமைக்கு அழகிய பெயர் சூட்டும் ஆற்றல் கவிஞர்க்கு உண்டு என்பதாலேயே, அவ்வாறு சூட்டிவிடக்கூடாது என்னும் கடமையும் அவர்க்கு உண்டு. அணிக்கு ஒரு கவிஞர், கூட்டத்துக்கு ஒரு புகழ்மாலை என்னும் நிலையில், சின்னத்தைப் பார்த்துப் பாடுவது எளிது. எதிரணியில் நிற்பவனுக்கும் செவி இருக்கக்கூடும் என்று பாடுவது அரிது. இளங்கோவடிகள் அதைச் செய்தார். பாண்டியனை வெறும் கொடுங்கோலனாக விட்டிருந்தால் சிலம்பு ஒரு பழிவாங்கற் கதையாகச் சுருங்கியிருக்கும்.

பத்தாண்டுகளாகத் தம் கவிதைகளை ஒருவர்முன் ஒருவர் படித்து, குறை கூறக் கேட்டு, திருத்திக்கொண்டு வந்திருக்கும் வட்டம் இது. குறைகூறும் குரலைப் பொறுத்துக் கேட்கும் பயிற்சி இங்கு நடந்திருக்கிறது என்பதே இதன் உண்மையான சிறப்பு.

அப்பொம்மைகளைப் பற்றிய ஒரு செய்தியோடு இவ்வுரை நிறைவு பெறுகிறது. 1985 முதல் அவற்றில் ஒரு சிறு ஒட்டுவில்லை பதிக்கப்பட்டது. போலிகளைத் தவிர்க்க நிறுவனம் செய்த ஏற்பாடு அது. பார்த்தால் அதில் ஒன்றும் தெரியாது. குழந்தை தன் விரலால் தேய்த்து வெம்மையூட்டினால்தான் எந்த அணி என்னும் சின்னம் புலப்படும். “இவன் நல்லவனா, கெட்டவனா?” என்று கேட்கும் பேரனுக்கு மறுமொழி சொல்லுமுன், கவிஞரும் அவ்வாறே ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.