மீல் மேக்கர் சாப்பிடலாமா?
(மகளிர் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மருத்துவ உதவி மனுவோடு வரும் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "மீல் மேக்கர் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் வருமாமே?" இன்னொருவர், "சோயா சாப்பிட்டால் வரவே வராதாமே?" என்பார். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில் பிறந்தவை.

சோயா பீன்ஸில் ஐசோஃப்ளேவோன் என்ற பொருட்கள் உள்ளன. ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்பவை அவற்றில் முக்கியமானவை. பார்வைக்கு இவை பெண்களின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போலவே அமைந்தவை. மார்பகக் கட்டிகள் பலவற்றை ஈஸ்ட்ரோஜன் வளர்க்கும் என்பதால் பயம் வந்தது. எலிகளுக்கு ஜெனிஸ்டீனைத் தனியே கொடுத்தபோது கட்டி வளரவும் செய்தது. ஆனால் எலியின் உடல் இதைக் கையாளும் விதம் வேறு. நம் உடலில் இது மிகப் பலவீனமான சாவி. பூட்டுக்குள் போய் உட்காரும், முழுதாகத் திறக்காது. அசல் சாவிக்கு அந்த நேரம் இடமில்லை. நம்பிக்கை பிறந்தது இங்கேதான்.

சீனாவின் ஷாங்காயில், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களைச் சுமார் நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். 2009-இல் முடிவு வந்தது. சோயா உணவு அதிகம் உண்டவர்களிடம் நோய் திரும்புவதும் மரணமும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. பயந்தவர்களுக்கு இது நல்ல பதில். ஆனால் சோயாதான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அவர்களுடைய மற்றப் பழக்கங்களும் சேர்ந்திருக்கலாம். அவர்கள் உண்டது சிறு வயது முதல் பழகிய டோஃபு, சோயா பால். மாத்திரை அல்ல. கடையில் விற்கும் ஐசோஃப்ளேவோன் மாத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் தொடவே வேண்டாம்.

மீல் மேக்கர், எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது. அந்தப் பொருட்கள் அதில் இருக்கும்; சோயா எண்ணெயில் அநேகமாக இருக்காது. குருமாவில் போடுங்கள், பயமில்லை. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் சோயாவோ கருஞ்சீரகமோ தின்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எங்கள் சகோதரிகளிடம் சொல்லுங்கள். ஸ்கேன் எடுக்கும் நாளில் ஒருவர் கூட வருவார்.