அவர் முதலில் கேட்ட வினா



அணுவின் கருவுக்குள் புகுந்து பார்க்கும் பெரும் பொறிகளைப் பற்றி இன்று பேசப்போகிறேன் என்றதும், உங்களில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். அரசியல் மேடையில் இதற்கென்ன வேலை என்று கேட்கத் தோன்றியிருக்கும். கேட்க வேண்டிய கேள்விதான். மக்கள் தந்த வரிப்பணம் கோடிக்கணக்கில் மண்ணுக்குள் இறங்குகிறதென்றால், அது யாருக்காக, எந்த ஊரில், எவருடைய கையால் என்று கேட்பதற்குப் பெயர்தானே அரசியல்? அந்தக் கேள்விகளை இரண்டு முறை எழுந்து நின்று கேட்ட ஒரு மனிதரைப் பற்றியும், அதில் ஒன்றை மட்டும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டு மற்றொன்றை மறந்துவிட்ட விந்தையைப் பற்றியும் சொல்லவே வந்திருக்கிறேன்.

அவர் பெயர் ஜான் பாஸ்டோர். அமெரிக்க நாட்டிலே ரோட் ஐலண்டு என்னும் மிகச் சிறிய மாநிலத்தின் செனட் உறுப்பினர். இத்தாலியிலிருந்து குடியேறிய எளிய குடும்பத்தின் பிள்ளை. அணு ஆற்றலுக்கென அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்திருந்த கூட்டுக் குழுவிலே செல்வாக்குள்ளவர்.

1969 ஏப்ரல் திங்களில் அந்தக் குழுவின் முன் ராபர்ட் வில்சன் என்ற அறிவியலாளர் அமர்ந்திருந்தார். சிகாகோவுக்கு மேற்கே, 25 கோடி டாலர் செலவில் உருவாகிக்கொண்டிருந்த முடுக்கிப் பொறிக்கு அவர்தான் தலைவர். வியட்நாமிலே போர், செலவோ கழுத்தை நெரிக்கிறது. பாஸ்டோர் கேட்டார்: இந்தப் பொறியால் நாட்டின் பாதுகாப்புக்கு ஏதேனும் பயன் உண்டா? இல்லை என்றார் வில்சன். எதுவுமே இல்லையா? எதுவுமே இல்லை. பாஸ்டோர் விடவில்லை, மீண்டும் மீண்டும் கேட்டார். அப்போது வில்சன் சொன்ன விடையின் சாரம் இது: நாம் நல்ல ஓவியர்களா, நல்ல சிற்பிகளா, நல்ல கவிஞர்களா என்ற வினாவோடு சேர்ந்தது இந்தப் பொறி. நாட்டைக் காப்பதற்கு இது நேராக உதவாது. காக்கத் தகுந்த நாடாக நம் நாட்டை ஆக்குவதற்கு உதவும்.

அழகான விடை! அன்று முதல் இன்று வரை, ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு நிற்கும் அறிவியலாளர் பலரும் இதை எடுத்துச் சொல்லி மகிழ்கிறார்கள். ஆனால், அதே பாஸ்டோர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, அதே பொறியைக் குறித்து வேறொரு வினாவை எழுப்பினார். அதற்கு அவ்வளவு அழகான விடை கிடைக்கவில்லை. ஆகவே அதைச் சொல்லி மகிழ்வாரும் இல்லை.

அதற்கு வருமுன், பொறியைப் பற்றிச் சிறிது. ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையை, ஊஞ்சல் திரும்பி வரும்போதெல்லாம் ஒரு தள்ளு தள்ளுகிறோம். தள்ளு சிறியதுதான், ஆனால் தவறாமல் உரிய நேரத்தில் விழுவதால் ஊஞ்சல் உயர உயரப் போகிறது. முடுக்கியிலே ஊஞ்சலில் ஆடுவது புரோட்டான் என்னும் நுண்துகள். வட்டமான குழாய்க்குள், காற்றெல்லாம் உறிஞ்சப்பட்ட வெற்றிடத்தில் அது ஓடுகிறது. சுற்றி வரும்போதெல்லாம் மின்விசை ஒரு தள்ளு தருகிறது. நேரே ஓட முயலும் துகளைக் காந்தங்கள் வளைத்து வட்டத்துக்குள் வைத்திருக்கின்றன. வேகமும் ஆற்றலும் மிக மிக, வளைப்பது கடினமாகிறது. ஆகவே வட்டம் பெரிதாக வேண்டும். வில்சன் கட்டிய வட்டத்தின் சுற்றளவு 6 கிலோமீட்டருக்கு மேல். அதில் 1,000க்கு மேற்பட்ட காந்தங்கள். ஒரு நொடியில் ஏறத்தாழ 48,000 முறை சுற்றும் வேகம். அந்த வேகத்தில் சென்று மோதும்போது, அணுக்கருவின் துகள்களும் அத்துகள்களுக்கு உள்ளே இருப்பவையும் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. கண்ணுக்கு எட்டாத நுண்மையைக் காண, ஊரையே வளைத்துக்கொள்ளும் கருவி வேண்டியிருக்கிறது!

ஊரையே வளைக்கும் என்றேன். உவமைக்காகச் சொன்னதில்லை. பொறியை எங்கே அமைப்பது என்ற கேள்வி 1965இல் எழுந்தபோது 46 மாநிலங்களிலிருந்து 125 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. வேலைவாய்ப்பு வரும், சாலை வரும், புகழ் வரும் என்று எல்லாருக்கும் ஆசை. 1966 டிசம்பரில் அணு ஆற்றல் ஆணையம் இல்லினாய் மாநிலத்திலுள்ள வெஸ்டன் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தது. 6,800 ஏக்கர் நிலத்தை மாநில அரசே வாங்கித் தந்தது. நூறு வீடுகள் அளவே கொண்ட வெஸ்டன் ஊரார், பக்கத்தில் ஆராய்ச்சிக்கூடம் வந்தால் தங்கள் ஊர் நகரமாகும் என்று கனவு கண்டிருந்தனர். கடைசியில் ஆராய்ச்சிக்கூடத்தின் எல்லைக்குள்ளேயே ஊர் அகப்பட்டுக்கொண்டது. வெஸ்டன் என்ற ஊர் இல்லாமற் போயிற்று. சுற்றியிருந்த பண்ணைக் குடும்பங்களும் நிலத்தை விட்டு வெளியேறின. வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் நிலம் இழந்தவர்களை அறிந்த நமக்கு, இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பாஸ்டோரின் முதல் வினா இதைப்பற்றியதும் இல்லை. அது வீட்டைப் பற்றியது. சிகாகோவைச் சுற்றியிருந்த வெள்ளையர் குடியிருப்புகளில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்க மாட்டார்கள். வாடகைக்கும் விட மாட்டார்கள். கையில் பணமிருந்தாலும் கதவு திறக்காது. 1966 கோடையில் இதை எதிர்த்து மார்ட்டின் லூதர் கிங் சிகாகோ வீதிகளில் ஊர்வலம் நடத்தினார்; அவர் தலையிலே கல் வந்து விழுந்தது. அதே ஆண்டு முடிவதற்குள்தான், அதே சிகாகோவின் புறத்தே, நாட்டின் மிகப் பெரிய அறிவியல் திட்டத்துக்கு இடம் குறிக்கிறார்கள்! வீடு விற்பதில் நிறவேற்றுமை கூடாது என்ற சட்டத்தை இல்லினாய் சட்டமன்றம் 1967இல் நிறைவேற்ற மறுத்துவிட்டது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கங்கள் கொதித்தெழுந்தன. வெஸ்டன் அருகே கூடாரமடித்து மறியல் செய்தனர்.

அப்போது பாஸ்டோர் எழுந்தார். எல்லாருடைய பணத்திலும் கட்டப்படும் கூடத்தில் வேலை கிடைத்த ஒருவர், தோலின் நிறத்தால் அந்த வட்டாரத்திலே குடியிருக்க இயலாது என்றால், அங்கே ஏன் கட்ட வேண்டும் என்பதே அவர் வாதம். பணத்தை நிறுத்திவைக்க வேண்டுமென்று செனட்டிலே போராடினார், தோற்றார். பணம் ஒதுக்கப்பட்டது. வெஸ்டன் வெஸ்டனாகவே நின்றது.

ஒரு முரண்பாட்டையும் பாருங்கள். திட்டத்தைத் தம் மாநிலத்துக்குக் கொண்டுவந்த ஆளுநர் ஓட்டோ கெர்னர். நகரங்களில் மூண்ட கலவரங்களின் காரணத்தை ஆராயக் குடியரசுத் தலைவர் ஜான்சன் 1967இல் அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். நாடு கறுப்பு, வெள்ளை என இரு சமுதாயங்களாகப் பிளந்துகொண்டு போகிறது என்று அவர் குழு 1968 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அவருடைய சொந்த மாநிலத்துச் சட்டமன்றமோ வீட்டு உரிமைச் சட்டத்துக்குக் கதவைச் சாத்தியிருந்தது!

வினா தோற்றதா? வாக்கெடுப்பிலே தோற்றது. வில்சன் காதிலே அது விழுந்துவிட்டது. 1968 மார்ச் திங்களில் அவரும் துணைத் தலைவர் எட்வின் கோல்ட்வாசரும் கூடத்தின் கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். பொறியை விரைந்து முடிக்கும் வசதிக்கும் மனித உரிமைக்கும் மோதல் வருமானால், நாங்கள் மனித உரிமையின் பக்கமே நிற்போம் என்று அதில் எழுதினார்கள். நாள்களை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 11 அன்று கூட்டரசின் வீட்டு உரிமைச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டார். சட்டம் வருவதற்கு முன்பே, சட்டம் கட்டாயப்படுத்தாமலே, ஓர் ஆராய்ச்சிக்கூடம் அப்படி எழுதியது. எழுதியதோடு நிற்கவில்லை. சிகாகோவின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஓக் ரிட்ஜ் நகருக்கு அனுப்பித் தொழில்நுட்பப் பயிற்சி தந்து, அழைத்துவந்து பொறியின் வேலையிலே அமர்த்தினார்கள். இதனால் அநீதி அடியோடு அழிந்ததென்று நான் அளக்க மாட்டேன். கொள்கை அறிக்கை எழுதி வேலைக்கு ஆளெடுப்பதனால் பக்கத்து ஊரின் பூட்டிய கதவெல்லாம் திறந்துவிடாது. ஆனால், செனட்டே தள்ளிவிட்ட ஒரு வினாவுக்குப் பொறி கட்டியவர்கள் தாமாக விடை தேட முயன்றார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியுமா?

பொறியும் எளிதில் எழும்பவில்லை. கலிபோர்னியாவில் பெர்க்லி அறிஞர்கள் முதலில் வகுத்த திட்டத்துக்கு 34 கோடி டாலருக்கு மேல் வேண்டியிருந்தது. வில்சன் அதை 25 கோடிக்குள் அடக்குவேன் என்றார். சிக்கனத்துக்கு விலை உண்டு. 1971இல் காந்தங்களை முடுக்கிவிட்டபோது ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. கோடையின் ஈரக்காற்று சுரங்கத்தில் குளிர்ந்த காந்தங்கள்மேல் நீராகப் படிந்தது. காப்புப் பூச்சில் இருந்த வெடிப்புகளின் வழியே ஈரம் புகுந்தது. ஏறத்தாழ 350 காந்தங்களை மாற்ற வேண்டியதாயிற்று. குழாய்களுக்குள் கிடந்த உலோகத் துணுக்குகளை அகற்ற, கீரியின் சாயல் கொண்ட ஃபெரெட் என்னும் சிறு விலங்கொன்றை வாங்கி, கழுத்துப் பட்டையிலே கயிறு கட்டி விட்டார்கள். ஃபெலிசியா என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் பிராணி சிறு குழாய்களுக்குள் ஓடிற்று. பெரிய வட்டத்தின் நீண்ட இருட்டுக்குள் போக மறுத்துவிட்டது! அறிஞர்கள் எவரும் அதைக் குறை சொன்னதாகத் தெரியவில்லை. 1972 மார்ச் 1 அன்று பொறி குறித்த ஆற்றலை எட்டியது. ஒதுக்கிய பணத்துக்குள்ளேயே முடித்துக்காட்டினார் வில்சன். 1974 முதல் அதன் பெயர் ஃபெர்மி ஆய்வகம். பொருள்களின் அடிப்படைத் துகள்களில் 'பாட்டம்' குவார்க் 1977இலும், 'டாப்' குவார்க் 1995இலும் அங்கேதான் அகப்பட்டன.

வில்சனின் விடையில் நான் மதிப்பது ஒன்றுண்டு. அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் கூடத்தில் பணியாற்றியவர் அவர். போர் முடிந்ததும், 1946இல், புரோட்டான் கதிரால் புற்றுநோய்க் கட்டியை எரிக்கலாம் என்று முதன்முதலில் கட்டுரை எழுதியவரும் அவரே. புரோட்டான் தன் பயண முடிவிலேதான் ஆற்றலின் பெரும்பகுதியைக் கொட்டுகிறது; ஆகவே கட்டி எரியும், அதற்கு அப்பாலுள்ள நல்ல தசை பிழைக்கும். 1969இல் பாஸ்டோர் விடாமல் கேட்டபோது, இதோ பயன் என்று அதை எடுத்து நீட்டியிருக்கலாமே! அந்தக் கேள்விக்கு விடையாக அவர் அதை நீட்டவில்லை. எதற்காகக் கட்டுகிறோமோ அதை மட்டுமே சொன்னார். பயன் பின்னால் வந்தது. 1990இல் லோமா லிண்டா மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரத் தொடங்கிய புரோட்டான் பொறி, ஃபெர்மி ஆய்வகத்தில் செய்யப்பட்டது. 2019இல் நம் சென்னைக்கும் புரோட்டான் மருத்துவம் வந்தது. தனியார் மருத்துவமனையிலே வந்தது. அதன் வாயிற்படியில் நிற்கும்போது, பாஸ்டோர் 1967இல் கேட்டது நினைவுக்கு வராமற் போகுமா? உள்ளே போக யாரால் முடியும்?

டெக்சாஸில் நடந்ததையும் கேளுங்கள். 87 கிலோமீட்டர் சுற்றளவில் அதைவிடப் பன்மடங்கு பெரிய பொறி கட்ட 1980களின் இறுதியில் முடிவெடுத்தார்கள். அமெரிக்காவின் பெருமை என்றார்கள். தொழில் வளரும், மருத்துவம் வளரும் என்றார்கள். இடம் முடிவாகும்வரை பல மாநிலங்கள் ஆதரித்தன. டெக்சாஸுக்கு என்று முடிவானதும் மற்றவர்களின் ஆர்வம் குன்றியது. 440 கோடி டாலர் என்ற மதிப்பீடு 1,100 கோடியைத் தாண்டியது. போட்டி போட வேண்டிய சோவியத் ஒன்றியமும் 1991இல் இல்லாமற் போயிற்று. 1993 அக்டோபரில் நாடாளுமன்றம் திட்டத்தைக் கொன்றது. அதற்குள் 200 கோடி டாலர் செலவாகி, 23 கிலோமீட்டர் சுரங்கமும் தோண்டப்பட்டிருந்தது. வேலைக்கென்று குடும்பத்தோடு வந்து வீடு வாங்கிய அறிஞரும் தொழிலாளரும் நடுத்தெருவில் நின்றார்கள். பெருமைக்காகவும் கிடைக்கப்போகும் சில்லறைப் பயன்களுக்காகவும் கேட்ட பணத்தை, பெருமை மலிந்தவுடன் மக்கள் மன்றம் திருப்பிக் கேட்டது என்பதே என் கருத்து. வேறு காரணங்களும் உண்டு. நிர்வாகக் குளறுபடி அவற்றில் ஒன்று.

ஃபெர்மி ஆய்வகத்தின் பெரும் முடுக்கி 2011 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது. இப்போது அங்கே நியூட்ரினோ ஆய்வுக்கெனப் புதிய முடுக்கி எழும்புகிறது. அதன் உறுப்புகளை வடிவமைத்துச் செய்வதில் இந்திய அணு ஆற்றல் துறையின் கூடங்களுக்கும் பங்குண்டு. அந்த நிலத்தின் கிழக்கு ஓரத்தில் பழைய வெஸ்டன் வீடுகள் இன்றும் இருக்கின்றன. இடிக்காமல் வைத்திருந்து, வெளிநாடுகளிலிருந்து வரும் ஆய்வாளர்கள் தங்குவதற்குக் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து செல்லும் இளைஞர்களும் இளம்பெண்களும் மாலையில் ஆய்வு முடிந்து திரும்பி, அந்த வீடுகளின் கதவைத் தங்கள் கையிலுள்ள சாவியால் திறந்துகொண்டு உள்ளே போகிறார்கள்.