படிக எழுதுகோல்



செஞ்சிக்கோட்டையைக் கண்டவர்கள் அதன் மதில்களையும் மலைகளையும் மறக்க மாட்டார்கள். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் அக்கோட்டை, 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம் பெற்றது. அவ்வூரில் வளர்ந்த எனக்கோ, செஞ்சி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு சிறிய வெள்ளைக் கல். வெங்கச்சாங்கல் என்று அதனைச் சொல்வோம். இருட்டில் அத்தகைய இரு கற்களை அழுத்தி உரசினால் மங்கிய ஒளி ஒன்று தோன்றி மறையும். அந்த ஒளிக்காகவே நாங்கள் சிறுவயதில் கற்களைத் தேடி அலைந்ததுண்டு.

இந்த வெங்கச்சாங்கல்லும், கண்ணாடிபோலத் தெளிந்த படிகமும் ஒரே பொருள்தான். சிலிக்கனும் ஆக்ஸிஜனும் கூடி அமைந்தது அது. அப்படிகத்தைக் குடைந்து ஓர் எழுதுகோல் செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு ஏற்பட்டது. காரணம், என் தமிழாசிரியர். செஞ்சியை அடுத்த சிறுகடம்பூரில் திருநாதர்குன்று என்னும் சமணத்தலம் இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்களை அங்கே ஒரு பெரும்பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் துறவியைப் பற்றிய பழங்கல்வெட்டும் அங்கு உண்டு. அதன் எழுத்துகளை விரலால் தடவித் தடவி எங்களுக்குப் படித்துக் காட்டியவர் அவர். அவர் ஓய்வு பெறும் நாளில், கல்லாலேயே ஓர் எழுதுகோல் செய்து அவர் கையில் கொடுக்க விரும்பினேன்.

ஆசை எளிது, கல் எளிதன்று. 1812இல் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்தினார். அதில் படிகத்திற்கு ஏழாம் இடம். கத்தியின் எஃகு அதன்மேல் வழுக்கிச் செல்லுமே தவிரக் கீறாது. தன்னினும் கடினமான பொருளுக்கே கல் இணங்கும். ஒன்பதாம் இடத்தில் இருப்பது குருந்தக்கல். மாணிக்கமும் நீலமும் அதன் வகைகளே. ‘கொரண்டம்’ என்று உலகம் அதனை அழைப்பது நம் தமிழ்ச் சொல்லைக் கேட்டுத்தான். குருந்தப் பொடியை அரக்கோடு கலந்து வட்டமாக வார்த்ததே நம் முன்னோரின் சாணைக்கல். பத்தாம் இடம் வைரத்திற்கு உரியது.

தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லம், படிகத்திற்குப் பெயர் பெற்ற ஊர். மூக்குக்கண்ணாடிக்கு வேண்டிய வில்லைகளை அக்கல்லிலிருந்து கடைந்தெடுத்தார்கள். அத்தொழில் செய்த மரபில் வந்த முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் என் கல்லை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ளே ஒரு கீற்று ஓடுகிறது, தம்பி. இதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்” என்றார். “இருக்கிறது, ஐயா” என்றேன். இல்லை என்பது பின்னர் தெரிந்தது.

வெளிப்புறத்தைச் சாணையில் உருட்டி எடுப்பதைவிட உள்ளே துளையிடுவதே பெரும்பாடு. இது பழைய சிக்கல்தான். எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழாய்வு நடத்தினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்மணிகள் செய்த இடம் அது. கரடாக உடைத்த கல், தேய்த்த கல், துளையிட்ட மணி என்று வேலையின் படிகள் அனைத்தும் அங்கே கிடைத்திருக்கின்றன. குஜராத்தின் கம்பாத் நகரில் மணித்தொழில் செய்வோர், எஃகுக் கம்பியின் நுனியில் இரண்டு சிறு வைரத் துணுக்குகளைப் பதித்து, வில்லால் சுழற்றித் துளையிடுவார்கள். நான் பயன்படுத்தியது வைரப்பொடி பதித்த குழல் துரப்பணம். அகலம் ஒன்பது மில்லிமீட்டர், ஆழம் எண்பது.

துளையில் எப்போதும் நீர் நிற்க வேண்டும். அடிக்கடி துரப்பணத்தை வெளியே எடுத்துச் சேற்றைக் கழுவ வேண்டும். நீரின்றேல் சூடேறிக் கல் வெடிக்கும். அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. உலர்ந்த கல்தூள் மூச்சோடு சென்று நுரையீரலைக் கெடுக்கும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்குக் கம்பாத் தொழிலாளர் பலர் பலியாகியிருக்கின்றனர். ஆகவே நீர் கல்லையும் காக்கிறது, மனிதனையும் காக்கிறது.

ஏழாம் நாள் மாலை. இன்னும் சிறிதளவே எஞ்சியிருந்தது. முடித்துவிடும் அவசரத்தில் நீர் வற்றியதைக் கவனியாமல் அழுத்தினேன். ஊசி விழுந்தாற்போல ஓர் ஓசை கேட்டது. கீற்று நீளமாகப் பிளந்துவிட்டது. முதியவர் கடிந்துகொள்ளவில்லை. “கல்லில் இருந்த கீற்று சிறியது, தம்பி, உன் கையில் இருந்தது பெரியது” என்றார்.

வேறொரு படிகத்தில் மீண்டும் தொடங்கினேன். இம்முறை நாட்களை எண்ணவில்லை. துளையிட்டபின் உருட்டி, வரவர நுண்ணிய பொடிகளால் தேய்த்து, இறுதியில் சீரியம் ஆக்ஸைடால் மெருகேற்றினேன். கல்லில் திருகுமரை வெட்டினால் விளிம்பு உதிரும். ஆதலால் மெல்லிய வெள்ளிக் குழாயை உள்ளே ஒட்டி, அதில் மரை அமைத்து, முள்ளும் கழுத்தும் பொருத்தினேன்.

ஆசிரியர் அதனை வாங்கி ஒரு வரி எழுதிப் பார்த்தார். “கனமாக இருக்கிறது, மெதுவாகத்தான் எழுத வரும். நல்லதுதான்” என்றார். உடைந்த கல்லைப் பற்றிச் சொன்னபோது அதனையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய மேசையில் காகிதங்கள் பறவாமல் இருக்க வைத்திருப்பது அந்த உடைந்த கல்லைத்தான்.

திருநாதர்குன்றில் உளி பிடித்தவனுக்கும் ஒரு நாள் கை தவறியிருக்கக்கூடும். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் வெட்டிய எழுத்தை மட்டும் இன்றும் விரலால் தடவிப் படிக்கிறோம். செஞ்சிக்கு வரும்போது கோட்டையோடு திரும்பிவிடாமல், அந்தக் குன்றுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள்.